பாதை சமம், ஊர் மேடு: ஸ்பெயினின் எண்ணெய் இரயில்பாதையில் முதல் சைக்கிள் பயணம்

நீராவி எஞ்சினுக்கு மேடு ஆகாது. நூறு மீட்டர் ஓடினால் இரண்டு மீட்டர் ஏறும், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் மலைநாட்டில் தண்டவாளம் போட்டவர்கள் குன்றைச் சுற்றினார்கள், பாறையைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்கின் மீது இரும்புப் பாலம் கட்டினார்கள். இரயில் நின்று தண்டவாளம் அகற்றப்பட்ட பிறகு அந்த வழி சைக்கிளுக்கு வாய்த்தது. மலைநாட்டின் நடுவே, கார் ஏதும் இல்லாமல், மூச்சு வாங்காமல் போகலாம். ஸ்பெயினில் இத்தகைய பாதைக்கு 'வியா வெர்தே' என்று பெயர், பசுமை வழி என்று பொருள். 1993-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது அந்த நாட்டில் கைவிடப்பட்ட இரயில்பாதை 7,600 கிலோமீட்டருக்கு மேல் கிடந்தது. இன்று அதில் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரியதாகிவிட்டது.

சைக்கிளில் நீண்ட பயணம் போய்ப் பழக்கமில்லாதவர்கள் ஸ்பெயினில் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், தெற்கிலுள்ள ஆண்டலூசியாவின் 'வியா வெர்தே தெல் அசேய்தே'யைத்தான் சொல்வேன். பெயருக்கு 'எண்ணெய்யின் பசுமை வழி' என்று பொருள். ஹயேன் நகரில் தொடங்கி கோர்தோபா மாகாணத்தின் புவென்தே ஹெனில் வரை சுமார் 128 கிலோமீட்டர். இந்த வட்டாரத்தின் ஒலிவ எண்ணெய்யைச் சுமந்து சென்றதால் இதில் ஓடிய வண்டியை மக்கள் 'எண்ணெய் இரயில்' என்றே அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட பாதை இது. 1985-இல் பயணிகள் வண்டி நின்றது.

புறப்படும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாதை சமமாக இருக்கும், ஊர்கள் சமமாக இருக்கமாட்டா. எல்லைச் சண்டை நடந்த நூற்றாண்டுகளில் எழுந்த ஊர்கள் இவை. எதிரி வருவது தெரிய வேண்டும் என்று குன்றின் உச்சியில் கோட்டையும், அதன் காலடியில் வீடுகளும் கட்டினார்கள். இரயிலோ கீழேயே போயிற்று. ஆகவே நிலையம் ஓரிடம், ஊர் ஓரிடம். வரைபடத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்து 'பாதையில்தானே இருக்கிறது' என்று நம்பி அறை பதிவு செய்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு, கால் சோர்ந்த நேரத்தில், அன்றைய நாளின் ஒரே செங்குத்து ஏற்றத்தைச் சந்திக்கிறார்கள். நீங்கள் போடும் திட்டம் முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே அமைய வேண்டும்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். நமக்கு வெயில் புதிதல்ல என்று எண்ண வேண்டாம். ஒலிவ மரம் உயரமில்லாதது, பாதையின் மேல் கிளை கவியாது, அதனால் மணிக்கணக்கில் நிழலே கிடைக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை ஒலிவ அறுவடைக் காலம். மரங்களின் அடியில் வலை விரித்துக் காய் உதிர்ப்பதையும், ஆலைகளில் புது எண்ணெய் வழிவதையும் பார்க்க ஆசைப்பட்டால் அப்போது போகலாம். ஆனால் பகல் குறுகியது, குளிர் உண்டு, மழை பெய்தால் மண் டயரில் ஒட்டும், டிராக்டர்கள் பாதையைக் குறுக்கே கடந்தபடி இருக்கும்.

ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ உள்ளவர்கள் மே மாதத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஹயேன் மாகாணத்தில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட ஒலிவ மரங்கள் இருக்கின்றன. அவை ஒரே சமயத்தில் பூக்கும்போது காற்றில் கலக்கும் மகரந்தம் உலகிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று. அழகான மாதம்தான், ஆனால் மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

இரண்டாம் படி: திசையும் நாட்களும்

கிழக்கிலிருந்து மேற்காக, ஹயேனிலிருந்து புவென்தே ஹெனிலுக்குப் போங்கள். புவென்தே ஹெனில் ஹயேனைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வில் இருப்பதால், மொத்தக் கணக்கில் இறக்கம் உங்கள் பக்கம். அதற்காக வழி முழுவதும் சரிந்துகொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். ஹயேனிலிருந்து மார்தோஸ் வரை மெதுவாக ஏறும். பிறகு குவாதஹோஸ் ஆறு வரை இறங்கும். அங்கிருந்து லூகே, சுவேரோஸ், தோன்யா மென்சியா வரை மறுபடி ஏறும். அதன் பிறகு பெரும்பாலும் இறக்கம். ஏற்றம் என்பதும் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்தான். 'ஏன் கால் கனக்கிறது, டயரில் காற்று இல்லையோ' என்று சந்தேகம் வரும். கியரை ஒரு படி இளக்கிவிட்டு, அவசரப்படாமல் மிதித்தால் போதும்.

பழகியவர்கள் இதை இரண்டு நாளில் முடிப்பார்கள். புதியவர்களுக்கு நான்கு நாள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாதைக்கு அவ்வளவு தேவையில்லை. நான் கேட்பது ஊர்களுக்கான நேரம். முதல் நாள் ஹயேனிலிருந்து மார்தோஸ், சுமார் 25 கிலோமீட்டர். இரண்டாம் நாள் மார்தோஸிலிருந்து சுவேரோஸ், சுமார் 50. மூன்றாம் நாள் சுவேரோஸிலிருந்து லுசேனா, 30-க்குள். நான்காம் நாள் லுசேனாவிலிருந்து புவென்தே ஹெனில், சுமார் 25.

அறை தேடும்போது ஊர்ப் பெயரோடு நின்றுவிடாமல், பாதையிலிருந்து விடுதி எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் உயரம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிளை இரவில் உள்ளே வைக்க இடம் உண்டா என்றும் முன்னதாகவே கேட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் இங்கே பெருவிழா. அந்த வாரத்தில் அறை கிடைப்பது கடினம்.

மூன்றாம் படி: சைக்கிள்

இந்தியாவிலிருந்து சைக்கிளை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போவதை முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். வாடகைக்கு எடுங்கள். பாதை பெரும்பாலும் இறுக்கிய மண்ணும் சரளையும் கலந்தது, ஊர்களுக்கு அருகே சில இடங்களில் தார். ஒல்லி டயர் கொண்ட பந்தயச் சைக்கிள் வேண்டாம். 40 மில்லிமீட்டர் அகலமாவது உள்ள டயர், பின்னால் கேரியர், இளகிய கியர் உள்ள சைக்கிளாகக் கேளுங்கள். மின்மோட்டார் துணையுள்ள சைக்கிள் பாதைக்குத் தேவையே இல்லை. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் வயதான பெற்றோருக்கும் அந்த ஊர் ஏற்றங்களில் பேருதவி.

ஒரு முனையில் எடுத்து மறுமுனையில் விடுவது எப்படி என்பதுதான் வாடகையில் உள்ள சிக்கல். ஹயேனில் கொண்டுவந்து கொடுத்து, கடைசியில் வந்து எடுத்துச் செல்ல முடியுமா என்று வாடகைக் கடையில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அது சரிவராவிட்டால் எளிய மாற்று ஒன்று உண்டு. தோன்யா மென்சியாவின் பழைய இரயில் நிலையத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. பக்கத்தில் தங்கிக்கொண்டு, ஒரு நாள் லூகே பக்கம், ஒரு நாள் காப்ரா பக்கம் என்று போய்த் திரும்பலாம். பாதையின் மிக அழகான பகுதியும் அதுதான். குழந்தைகளோடு போகும் குடும்பங்களுக்கு இதுவே பொருத்தம்.

சைக்கிளைக் கையில் வாங்கியதும் பிரேக்கைச் சோதியுங்கள். இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். அங்கே பெரும்பாலும் வலக்கை பின்சக்கரத்துக்கும் இடக்கை முன்சக்கரத்துக்கும் இருக்கும். இறக்கத்தில், சரளை மேல், பழக்க தோஷத்தில் இடக்கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் தலைகுப்புற விழ நேரிடும். கடை வாசலிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். போக்குவரத்தும் அங்கே வலப்பக்கம்தான். பாதையிலும் வலப்புறமே போக வேண்டும்.

டியூபின் வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லியான வால்வு இருந்தால் இங்கிருந்து கொண்டுபோகும் பம்ப் பொருந்தாமல் போகலாம். மாற்று டியூப் இரண்டு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பு, பொருந்தும் பம்ப் ஆகியவற்றைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். முள் குத்திப் பஞ்சர் ஆனால் பாதையோரத்தில் ஒட்டிக் கொடுக்க யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். டியூப் மாற்றத் தெரியாதவர்கள் புறப்படும் முன் நம் தெருமுனைச் சைக்கிள் கடையில் அரைமணி நேரம் நின்று கற்றுக்கொண்டு போகலாம்.

நான்காம் படி: மூட்டை

முதுகில் பை மாட்டிக்கொண்டு மிதிக்காதீர்கள். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் வையுங்கள், எடை இருபக்கமும் சமமாக இருக்கட்டும். இரண்டு செட் உடை, ஒரு மழைச்சட்டை, மாலைக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். தண்ணீர் இரண்டு லிட்டராவது எப்போதும் சைக்கிளில் இருக்க வேண்டும். அல்கௌதேதேயைத் தாண்டியபின் லூகே வரை பாதையில் ஊர் கிடையாது. குழாய் கண்ட இடமெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். 'அகுவா பொத்தாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கலாம், 'நோ பொத்தாப்லே' என்றிருந்தால் கூடாது.

குகைவழிகள் இந்தப் பாதையில் சிலவே, நீளமும் அதிகமில்லை. ஆனாலும் முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் தேவை. வெளியே கண் கூசும் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில விநாடிகள் கண் எதையும் காணாது. எதிரே நடந்து வருபவர்களுக்கும் அதே நிலைதான். வேகத்தைக் குறைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். தலைக்கவசம் போடுங்கள். ஊரெல்லைக்கு வெளியே சாலையில் சைக்கிள் ஓட்டும்போது ஸ்பெயின் சட்டப்படி அது கட்டாயம். ஊருக்கு ஏறும் வழி பெரும்பாலும் சாலைதான்.

பாதையில்

ஹயேனுக்கு மத்ரிதிலிருந்தும் கோர்தோபாவிலிருந்தும் இரயில் உண்டு. ஒரு நாள் முன்னதாகவே போய், ஊருக்கு மேலே நிற்கும் சாந்தா கதலினா கோட்டையிலிருந்து ஒலிவக் காட்டைப் பார்த்துவிடுங்கள். காடு என்று சொன்னாலும் ஒவ்வொரு மரமும் கையால் நட்டது. சிவந்தும் வெளுத்தும் கிடக்கும் மண்ணில், வரிசை பிசகாமல், அடிவானம் வரை. அடுத்த நான்கு நாளும் அந்த வரிசைகளுக்கு நடுவேதான் போகப்போகிறீர்கள். சிலருக்கு இது சலிப்பூட்டும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேகம் நகரும்போது இலையின் அடிப்புற வெள்ளி நிறம் ஒரு குன்று முழுவதும் புரண்டு மறைவதை நின்று பார்த்தவர்களுக்குச் சலிப்பு வராது.

தோரெதெல்காம்போ, தோரெதோன்ஹிமேனோ இரண்டும் காலைக் காப்பிக்கு ஏற்ற ஊர்கள். இரண்டாவது ஊரின் அருகே 1926-இல் நிலத்தை உழுத ஒருவருக்கு பழங்காலத்தில் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் இனத்தாரின் பொன் அணிகள் கிடைத்தன. அந்தப் புதையல் இன்று மூன்று நகரங்களின் அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கிறது.

மார்தோஸை வெகுதூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். சமவெளியிலிருந்து சட்டென்று எழும் ஒற்றைப் பாறை, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம், உச்சியில் கோட்டையின் சிதைவு. 1312-இல் கார்வஹால் சகோதரர்கள் இருவரைக் கொலைப்பழி சுமத்தி இந்தப் பாறையிலிருந்து உருட்டிவிட மன்னன் நான்காம் ஃபெர்னாந்தோ ஆணையிட்டதாகவும், 'முப்பது நாளில் கடவுளின் நீதிமன்றத்தில் எங்களுக்குப் பதில் சொல்ல வா' என்று அவர்கள் சபித்துவிட்டு இறந்ததாகவும் கதை. மன்னன் அதே ஆண்டு செப்டம்பரில் ஹயேனில் இறந்துபோனான். 'அழைப்பாணை பெற்றவன்' என்ற அடைமொழி வரலாற்றில் அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பாவமும் அறியாதவனைத் தண்டித்த அரசன் நிலைக்கமாட்டான் என்பதைக் கண்ணகியின் மண்ணில் பிறந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாலையில் சைக்கிளை விடுதியில் விட்டுவிட்டுப் பழைய ஊரின் சந்துகளில் நடந்து ஏறுங்கள்.

இரண்டாம் நாள்தான் நீளமானது. காலை எட்டு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். அல்கௌதேதேயின் கோட்டை, கலத்ராவா என்ற படைத்துறவிகள் அமைப்பினுடையது. ஊரும் கோட்டையும் பாதையிலிருந்து சில கிலோமீட்டர் விலகி, மேட்டில் இருக்கின்றன. அன்றைக்கு ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு நகர்வதே நல்லது. ஐந்து நாள் ஒதுக்க முடிந்தால் அங்கே ஓர் இரவு தங்கலாம். இந்தப் பகுதியின் செல்வம் பாலங்கள்தான். பாதை முழுவதிலும் பத்துக்கு மேற்பட்ட இரும்புப் பாலங்கள் இருக்கின்றன, ஐஃபல் காலத்து முறையில் இரும்புச் சட்டங்களைத் தறையாணி அடித்துக் கோத்தவை. ஹயேன், கோர்தோபா மாகாணங்களின் எல்லையில் குவாதஹோஸ் ஆற்றின் மீது நிற்கும் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். பாலத்தின் நடுவே நிற்கும்போது சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிடுங்கள், பின்னால் வருபவர்களுக்கு வழி வேண்டும்.

ஆற்றைத் தாண்டினால் மெதுவான ஏற்றம். வழியில் சலோப்ரால் என்ற உப்பு ஏரி வரும். மழை பெய்த ஆண்டுகளில் பறவைகளோடு நிறைந்திருக்கும், கோடையில் வெள்ளைப் படலமாகிவிடும். லூகேயின் பழைய நிலையக் கட்டடம் உணவகமாகியிருக்கிறது. அங்கே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுங்கள், ஏனென்றால் அடுத்தது சுவேரோஸ்.

சில நூறு பேரே வாழும் ஊர் இது. சுண்ணாம்பு பூசிய வீடுகள் பாறை விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன, விளிம்பின் முனையில் பாறையோடு பாறையாகக் கோட்டை. பாதை கீழே போகிறது. மேலே போகும் சாலை குறுகிய தூரம்தான், ஆனால் முறுக்கி முறுக்கி ஏறும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், நானும் தள்ளிக்கொண்டுதான் போனேன். மேலே போனபின் திரும்பிப் பார்த்தால் பகல் முழுவதும் மிதித்து வந்த வழி ஒலிவ மரங்களுக்கு நடுவே ஒரு கோடாகத் தெரியும். சுவேரோஸில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க முடிந்தால் தங்குங்கள். ஊருக்கு மேலே மலையில் 'வௌவால்களின் குகை' இருக்கிறது, புதிய கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடம். முன்பதிவு செய்துகொண்டே போக வேண்டும். அந்த மலைச்சாலையில் சைக்கிள் வேண்டாம், டாக்சியோ நடையோ போதும். சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை மலைகள் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா. வெயில் ஏறியதும் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடத் தொடங்கும்.

மூன்றாம் நாள் உடலுக்கு ஓய்வு. தோன்யா மென்சியாவைக் கடந்து காப்ராவின் நிலையத்துக்கு வந்தால், எண்ணெய் இரயிலின் கதையைச் சொல்லும் சிறு காட்சியகமும் பழைய எஞ்சின் ஒன்றும் இருக்கின்றன. லுசேனா பெரிய ஊர். இடைக்காலத்தில் யூதர்களின் கல்வி நகரமாக விளங்கியது. கிரனாதாவின் கடைசி முஸ்லிம் மன்னன் போவப்தில் 1483-இல் இதன் அருகே போரில் பிடிபட்டு, இங்குள்ள மொரால் கோட்டையில் சிறை வைக்கப்பட்டான். நான்காம் நாள் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு, இறக்கம், பெரிய ஊர் கிடையாது. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு பற்றி

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது பசிதான். சமையலறைகள் மதியம் இரண்டு முதல் நான்கு வரை திறந்திருக்கும், பிறகு இரவு எட்டரைக்கு மேல்தான். கடைகள் மதியத்துக்குப் பின் மூன்று மணி நேரம் அடைத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சிற்றூர்களில் எதுவும் கிடைக்காது. ஆகவே பையில் ரொட்டி, பழம், பாதாம் எப்போதும் இருக்கட்டும். காலை உணவு கவலையில்லை. சுட்ட ரொட்டியின் மேல் அரைத்த தக்காளியும் ஒலிவ எண்ணெய்யும் ஊற்றிய 'தோஸ்தாதா' எல்லாச் சிற்றுண்டிக் கடைகளிலும் உண்டு. எண்ணெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். ஹயேன் பக்கத்துப் 'பிகுவால்' வகை ஒலிவ எண்ணெய் தொண்டையில் மிளகுபோல் காரும். நல்ல எண்ணெய்யின் அடையாளம் அது.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடைத் துண்டுகளைத் தூவிக் கொண்டுவருவார்கள். அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி, பன்றித்தொடை, சூரை மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள். தக்காளியும் ரொட்டியும் அரைத்த குளிர்ந்த 'சால்மோரேஹோ', தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், கீரையும் கொண்டைக்கடலையும், சுவேரோஸின் ஆட்டுப்பால் சீஸ் ஆகியவற்றை வைத்தே நான்கு நாளை நன்றாக ஓட்டிவிடலாம்.

எதிரே வருபவரிடம் 'ஓலா' என்று சொல்லாமல் கடக்காதீர்கள். நடப்பவர்களுக்கே முன்னுரிமை, பின்னாலிருந்து நெருங்கும்போது மணியடித்து மெதுவாகத் தாண்டுங்கள். சாலை குறுக்கிடும் இடங்களில் நின்றே கடக்க வேண்டும். விபத்தென்றால் 112. பாதையோரத்து ஒலிவக் காயைப் பறிக்காதீர்கள், அது ஒருவருடைய பிழைப்பு. பறித்தாலும் வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு.

நான்கு நாள் கிடைக்காதவர்களுக்கு

அதே ஆண்டலூசியாவில், புவெர்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை 'வியா வெர்தே தெ லா சியெர்ரா' இருக்கிறது. 36 கிலோமீட்டர், 30 குகைவழிகள், நான்கு பெரும் பாலங்கள். இதில் இரயிலே ஓடியதில்லை. 1920-களில் தொடங்கிய வேலை உள்நாட்டுப் போரோடு நின்றுபோனது. நடுவில் சாஃப்ராமகோன் பாறையில் கழுகுகளின் பெருங்கூட்டம் கூடு கட்டி வாழ்கிறது. கடைசியில் ஒல்வேராவின் வெள்ளை வீடுகளும் தேவாலயமும் கோட்டையும், இங்கும் மேட்டின் மேல்தான். ஒரு நாள் போதும். இந்த வழியில் விளக்கு இல்லாமல் காலடி வைக்காதீர்கள்.

திரும்பும் வழி

புவென்தே ஹெனிலில் சீமைமாதுளைப் பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிக் கட்டியாக்கிய அல்வா பேர்போனது. வீட்டுக்கு அதை வாங்கலாம், கெடாமல் வந்து சேரும். அதிவேக இரயில் நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வாடகைச் சைக்கிளை ஊருக்குள்ளேயே ஒப்படைத்துவிட்டு டாக்சியில் போங்கள். சொந்தச் சைக்கிள் கொண்டுபோனவர்கள் அதைக் கழற்றிப் பையில் கட்டினால்தான் அதிவேக இரயிலில் ஏற்றுவார்கள். மெதுவான பிராந்திய இரயில்களில் அப்படியே ஏற்றலாம், ஆனால் ஒரு வண்டியில் சில சைக்கிள்களுக்கே இடம். டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள்.